பருப்பில் காணாமல் போன 6,456 ரூபாய்

கேள்வி: கோவில்பட்டிப் பக்கம் ஒரு சிற்றூரில் மளிகைக் கடை நடத்துகிறேன். பொங்கலுக்கு முன் துவரம்பருப்பு விலை ஏறிக்கொண்டே போனதால் சரக்கு வாங்கிச் சேர்த்தேன். கடையில் ஏற்கெனவே இருந்தது ஒரு மூட்டை, 50 கிலோ. கிலோ 108 ரூபாய்க்கு வாங்கியது. அடுத்து 100 கிலோ, 116 ரூபாய்க்கு. இன்னும் ஏறிவிடுமோ என்று பயந்து கடைசியாக 450 கிலோவை 136 ரூபாய்க்கு எடுத்தேன். மூன்று விலையையும் கூட்டி மூன்றால் வகுத்தால் 120. அதன் மேல் 8 ரூபாய் லாபம் வைத்து 128-க்கு விற்றேன். 600 கிலோவுக்கு 4,800 ரூபாய் மிஞ்ச வேண்டும். பருப்பு விற்ற பணத்தைத் தனி டப்பாவில் போட்டு வந்தேன். விற்று முடித்து எண்ணினால் 76,544 ரூபாய்தான் இருக்கிறது. மண்டிக்குக் கொடுத்ததோ 78,200. லாபம் வராததோடு கைமுதலிலும் 1,656 போய்விட்டது. ஆக மொத்தம் 6,456 ரூபாய் எங்கே? கடையில் இருபத்திரண்டு வயதுப் பையன் ஒருவன் வேலை செய்கிறான். சந்தேகப்பட்டு இந்த மாதச் சம்பளத்தில் 2,000 ரூபாயை நிறுத்தி வைத்திருக்கிறேன். கேமரா மாட்டிவிடலாமா? இன்ஜினியரிங் படிக்கும் என் மகள், "உங்கள் சராசரிதான் தப்பு அப்பா, எங்கள் காலேஜ் மதிப்பெண் சராசரி, அந்த சிஜிபிஏ, போடுவது மாதிரி போட வேண்டும்" என்கிறாள். அவள் சொல்வது எனக்கு விளங்கவில்லை.

அன்புள்ள அண்ணாச்சி,

உங்கள் மகள் சொல்வது சரி. ஆனால் சராசரிக்குப் போவதற்கு முன் அந்தப் பையன் விஷயத்தை முடித்துவிடுவோம். அதற்குச் சராசரியே தேவையில்லை.

அவன் கை வைக்க முடிந்த இடம் விற்பனைப் பணம் ஒன்றுதான். மண்டியில் நீங்கள் என்ன விலைக்கு வாங்கினீர்கள் என்பதற்கும் அவனுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. 600 கிலோவை 128 ரூபாய்க்கு விற்றால் டப்பாவில் இருக்க வேண்டியது 76,800. இருந்தது 76,544. குறைவது 256 ரூபாய். சரியாக இரண்டு கிலோ பருப்பின் விலை. பன்னிரண்டு மூட்டையைப் பிரித்து, கால் கிலோவும் அரைக் கிலோவுமாக நிறுத்துக் கொடுத்ததில் சிந்தியது, கை தாராளத்தில் ஒரு பிடி கூடப் போனது, சாக்கின் மூலையில் தங்கிய தூசி எல்லாம் சேர்ந்து இரண்டு கிலோ. முப்பது வருடமாக மளிகைக் கடைக் கணக்குகளைத் தணிக்கை செய்து வருகிறேன். இவ்வளவு குறைந்த சேதாரத்தைப் பார்த்தால் அந்தப் பையனைப் பாராட்டத்தான் தோன்றுகிறது. மீதி 6,200 ரூபாய் டப்பாவுக்குள் வந்ததே இல்லை. வராத பணத்தை யார் எடுக்க முடியும்?

அந்த 6,200, நீங்கள் மூன்றால் வகுத்த இடத்தில் பிறந்தது.

கிலோ 120 ரூபாய்தான் உங்கள் அடக்க விலை என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் 600 கிலோவுக்கு நீங்கள் 72,000 ரூபாய் கொடுத்திருக்க வேண்டும். கொடுத்தது 78,200 என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். இரண்டுக்கும் வித்தியாசம் 6,200. என்னிடம் தொழில் பழக வரும் பிள்ளைகளுக்கு முதல் வாரத்திலேயே ஒரு சோதனை சொல்லிக் கொடுப்பேன்: வந்த சராசரியை மொத்த அளவால் பெருக்கிப் பார். கொடுத்த பணம் அப்படியே திரும்பி வர வேண்டும். வரவில்லை என்றால் கணக்கைக் கிழித்துப் போடு. உங்கள் 120 அந்தச் சோதனையில் தேறவில்லை.

ஏன் தேறவில்லை? மூன்றால் வகுக்கும்போது 50 கிலோவுக்கு என்ன மரியாதை கொடுத்தீர்களோ அதே மரியாதையை 450 கிலோவுக்கும் கொடுத்துவிட்டீர்கள். கடையின் மூலையில் கிடந்த ஒரு மூட்டையும், லாரியில் வந்து இறங்கிய ஒன்பது மூட்டையும் ஒன்றா? சராசரி காண வேண்டியது மூன்று விலைக்கு இல்லை, 600 கிலோவுக்கு. அவற்றில் ஒவ்வொரு கிலோவும் தன் விலையைத் தானே சொல்லட்டும். 50 கிலோ 108 என்று சொல்லும். அது 5,400 ரூபாய். 100 கிலோ 116 என்று சொல்லும், 11,600. 450 கிலோ 136 என்று சொல்லும், 61,200. கூட்டினால் 78,200. அதை 600-ஆல் வகுத்தால் 130 ரூபாய் 33 காசு. இதுதான் உங்கள் உண்மையான அடக்கம். பாடப் புத்தகத்தில் இதற்கு நிறையிட்ட சராசரி என்று பெயர். நிறை என்றால் எடை. உங்கள் கணக்கில் அது நிஜமாகவே மூட்டையின் எடையாக அமைந்துவிட்டது, அவ்வளவுதான்.

130.33-க்கு வாங்கியதை 128-க்கு விற்றிருக்கிறீர்கள். கிலோவுக்கு 2 ரூபாய் 33 காசு நஷ்டம். 600 கிலோவுக்கு 1,400. சிந்தியதற்கு 256. கூட்டினால் நீங்கள் சொன்ன அதே 1,656. ஒரு ரூபாய்கூடக் காணாமல் போகவில்லை.

கடையில் நின்றுகொண்டு பெருக்கல் வகுத்தல் போட நேரமில்லை என்றால் ஒரு குறுக்கு வழி இருக்கிறது. எந்த விலைக்கு அதிகச் சரக்கு எடுத்தீர்களோ அதில் தொடங்குங்கள். இங்கே 136. அதைவிட 50 கிலோ மட்டும் 28 ரூபாய் மலிவு, மிச்சமானது 1,400. இன்னொரு 100 கிலோ 20 ரூபாய் மலிவு, மிச்சமானது 2,000. மொத்த மிச்சம் 3,400. அதை 600 கிலோவுக்கும் பங்கு போட்டால் கிலோவுக்கு 5 ரூபாய் 67 காசு. 136-இல் அதைக் கழித்தால் அதே 130.33. வாயாலேயே போட்டுவிடலாம். அதோடு, விடை பெரிய மூட்டையின் விலைக்குப் பக்கத்தில்தான் உட்காரும் என்பதும் இப்படிப் போடும்போது கண்ணில் படும். நான்கில் மூன்று பங்கு சரக்கு 136-க்கு வந்திருக்கும்போது சராசரி 120 என்று வந்தால், பேனாவை எடுப்பதற்கு முன்பே சந்தேகம் வர வேண்டும்.

மூன்று தடவையும் ஒரே அளவு, 200 கிலோ வீதம், வாங்கியிருந்தால் உங்கள் முறையிலேயே சரியான விடை கிடைத்திருக்கும். பல வருடங்கள் நீங்கள் இப்படிப் போட்டுத் தப்பித்து வந்ததற்கு அதுதான் காரணமாக இருக்கும். மாதா மாதம் ஏறக்குறைய ஒரே அளவு வாங்குகிறவருக்கு இந்தத் தப்பு வெளியே தெரியாது. பயந்து மொத்தமாக வாங்கும் மாதத்தில்தான் பல்லைக் காட்டும்.

இன்னொன்று. 78,200 என்பது மண்டிக்குக் கொடுத்தது மட்டும்தானே? வண்டி வாடகை, இறக்குக்கூலி? அவற்றை நீங்கள் கடைச் செலவில் எழுதியிருப்பீர்கள். சரக்கு உங்கள் கடைக்கு வந்து சேரும் வரை ஆன செலவு முழுவதும் சரக்கின் அடக்கத்தில்தான் சேர வேண்டும். மூன்று தடவைக்கும் சேர்த்து 1,000 ரூபாய் ஆகியிருந்தால் மொத்தம் 79,200, அடக்கம் கிலோவுக்கு 132. மண்டிக்காரர் விலையில் தள்ளுபடி கொடுத்திருந்தால் அதைக் கழித்துக்கொள்ளுங்கள். ஜிஎஸ்டி உள்ள சரக்கு என்றால், கட்டிய வரியை உள்ளீட்டு வரியாகத் திரும்ப எடுத்துக்கொள்கிறவர், அதாவது தான் கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்கிறவர், அதை அடக்கத்தில் சேர்க்கக் கூடாது. விற்பனையில் ஒரு சிறு சதவீதத்தை மட்டும் வரியாகக் கட்டும் காம்போசிஷன் திட்டத்தில் இருக்கிறவர் திரும்ப எடுக்க முடியாது. அவருக்கு வரியும் அடக்கம்தான்.

இனி வரும் மாதங்களுக்குக் கணக்கு வேறு மாதிரி வரும். இந்தத் தடவை விற்பனைக்கு முன்பே மூன்று லோடும் வந்து சேர்ந்துவிட்டது. வழக்கமாக அப்படி நடக்காது; பாதி விற்ற பிறகு அடுத்த மூட்டை வரும். இங்கேதான் ஓரளவு கணக்குத் தெரிந்தவர்களும் வழுக்குகிறார்கள். 130 ரூபாய் அடக்கத்தில் 120 கிலோ இருக்கிறது என்று வையுங்கள். 80 கிலோ விற்றுவிட்டீர்கள், 40 மிச்சம். இப்போது 160 கிலோ, 120 ரூபாய்க்கு வருகிறது. சிலர் 120 கிலோவையும் 160 கிலோவையும் சேர்த்துச் சராசரி போட்டு 124 ரூபாய் 29 காசு என்பார்கள். விற்றுப் போன 80 கிலோ இன்னும் சராசரியில் உட்கார்ந்திருக்கலாமா? அது ஏதோ ஒரு வீட்டில் சாம்பாராகி முடிந்துவிட்டது. மிச்சம் இருக்கும் 40 கிலோவின் மதிப்பு 5,200. புதிதாக வந்தது 19,200. இரண்டும் 24,400. கையில் இருப்பது 200 கிலோ. அடக்கம் 122. அடுத்த கொள்முதல் வரும் வரை இந்த 122-ஐத் தொடவே வேண்டாம். விற்பதால் இருப்பு குறையுமே தவிர அடக்கம் மாறாது. நோட்டுப் புத்தகத்தில் எழுதுகிறவர் ஒவ்வொரு சரக்குக்கும் தேதி, வரவு, விற்பனை, இருப்பு, இருப்பின் மதிப்பு என்று ஐந்து பத்தி போட்டால் போதும். கடைசிப் பத்தியை அதற்கு முந்தைய பத்தியால் வகுத்தால் எந்த நாளும் அடக்கம் கிடைக்கும்.

சின்ன வெங்காயமும் விற்பீர்கள் என்று நினைக்கிறேன். அதில் ஒரு சங்கடம் உண்டு. 100 கிலோவை 40-க்கும் 300 கிலோவை 60-க்கும் வாங்கினால் 22,000 ரூபாய், 400 கிலோ, சராசரி 55. ஆனால் வெங்காயம் காயும், அழுகும். தேறியது 360 கிலோ என்றால் 22,000-ஐ 360-ஆல் வகுக்க வேண்டும். 61 ரூபாய் 11 காசு. காய்ந்து போனது எடைதான். கொடுத்த பணம் காய்வதில்லை. 60 ரூபாய்க்கு விற்றுவிட்டு "கிலோவுக்கு 5 ரூபாய் லாபம்" என்று சொன்ன வியாபாரிகளை நான் பார்த்திருக்கிறேன். அதே சமயம், கூரை ஒழுகி ஐந்து மூட்டை நனைந்து வீணானால் அதை அடக்கத்தின் தலையில் கட்டாதீர்கள். வழக்கமான சேதாரம் அடக்கத்தில் சேரும். விபத்தாக நேர்ந்தது தனி நஷ்டம். இரண்டையும் கலந்தால் வெங்காய வியாபாரமே கட்டுப்படியாகாது என்று தோன்றிவிடும். கட்டுப்படியாகாதது கூரைதான்.

உங்கள் மகளின் சிஜிபிஏ விஷயம். அவளிடம் கேட்டால் பாடத்துக்குப் பாடம் கிரெடிட், அதாவது அந்தப் பாடத்தின் கனம், வேறுபடும் என்பாள். கணக்குப் பாடம் 4 கிரெடிட், அதில் 7 புள்ளி. இயற்பியல் 3 கிரெடிட், 8 புள்ளி. ஆய்வகம் 2 கிரெடிட், 10 புள்ளி. மூன்று புள்ளிகளையும் கூட்டி மூன்றால் வகுத்தால் 8.33 வரும், பார்க்க அழகாக இருக்கும். கிரெடிட்டால் பெருக்கினால் 28, 24, 20, கூட்டினால் 72, மொத்தக் கிரெடிட் 9-ஆல் வகுத்தால் 8. மதிப்பெண் பட்டியலில் வருவது இந்த 8-தான். அவளுடைய கிரெடிட் உங்கள் மூட்டை. அவளுடைய புள்ளி உங்கள் விலை. இரண்டு செமஸ்டரின் சராசரிகளைக் கூட்டி இரண்டால் வகுத்துப் பார்க்கும் பழக்கம் அவளுக்கு இருந்தால், அப்பாவைத் திருத்திய கையோடு அதையும் திருத்திக்கொள்ளச் சொல்லுங்கள். இரண்டு செமஸ்டரிலும் கிரெடிட் ஒன்றாக இருந்தால் தவிர அது உங்கள் 120 மாதிரிதான்.

இவ்வளவு படித்ததும் எல்லாவற்றையும் ரூபாயால் பெருக்கி வகுக்கத் தோன்றும். அதில் ஒரு பள்ளம் இருக்கிறது. வீட்டில் நகைச் சீட்டுக் கட்டுகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். கட்டும் நாளின் விலைக்கு எத்தனை கிராம் வருமோ அத்தனை கிராம் வரவு வைக்கும் சீட்டு. ஒரு மாதம் கிராம் 8,000, இன்னொரு மாதம் 12,000. இரண்டு மாதமும் 24,000 ரூபாய் கட்டினீர்கள். சராசரி விலை என்ன? ஒரே தொகைதானே, 10,000 என்று சட்டென்று வாய் சொல்லும். முதல் மாதம் 3 கிராம், அடுத்த மாதம் 2 கிராம். 5 கிராமுக்கு 48,000 ரூபாய். கிராம் 9,600. கட்டிய தொகை சமம்தான். ஆனால் விலை கிராமுக்குச் சொல்லப்படுகிறது, ஆகவே எடையாக நிற்க வேண்டியது கிராம். மலிவாக இருந்த மாதத்தில் அதிகக் கிராம் வந்ததால் சராசரி அந்தப் பக்கம் சாய்கிறது. 10,000-ஐ 5 கிராமால் பெருக்கிப் பாருங்கள், 50,000 வரும். நீங்கள் கட்டியது 48,000. அந்தப் பழைய சோதனை இங்கேயும் காட்டிக் கொடுத்துவிடும்.

இதே பள்ளம் உங்கள் லாப சதவீதத்திலும் இருக்கிறது. அரிசியில் விற்பனையில் 5 சதவீதம், பிஸ்கட்டில் 12, சோப்பு பவுடரில் 20 நிற்கிறது என்றால், கடைக்குச் சராசரி 12 சதவீதத்துக்கு மேல் லாபம் என்று நினைத்துக்கொண்டு வங்கியில் கடன் கேட்கப் போகிறவர்கள் உண்டு. நூறு ரூபாய் விற்பனையில் அரிசி 70, பிஸ்கட் 20, சோப்பு பவுடர் 10 என்றால் நிற்பது மூன்றரை ரூபாயும், இரண்டு ரூபாய் நாற்பது காசும், இரண்டு ரூபாயும். ஆக 7.9 சதவீதம். கடை அரிசிக் கடை. சோப்பு பவுடர் அலமாரியின் அலங்காரம். ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். சதவீதத்தை விற்பனையின் மேல் போட்டிருந்தால் விற்பனைத் தொகையை எடையாக வையுங்கள். கொள்முதலின் மேல் போட்டிருந்தால் கொள்முதல் தொகையை வையுங்கள். மாற்றிப் போட்டால் விடை பொய் சொல்லும்.

இனி நீங்கள் கேட்காத ஒரு கேள்வி, கேட்டிருக்க வேண்டியது. 130.33 அடக்கம் என்று முதலிலேயே தெரிந்திருந்தால் விலையை 138 என்று வைத்திருப்பீர்களா? வைத்திருந்தால் விற்றிருக்குமா? அடக்கச் சராசரி பின்னால் திரும்பிப் பார்க்கிற கணக்கு. நடந்த வியாபாரத்தில் என்ன நின்றது என்று அது சொல்லும். நாளைக்கு அதே மூட்டையை மண்டியில் எடுக்க என்ன ஆகும் என்பது அதற்குத் தெரியாது. மண்டியில் விலை 140 ஆகிவிட்ட நாளில் உங்கள் அடக்கம் 130 என்பதற்காக 136-க்கு விற்றால், ஏட்டில் 6 ரூபாய் லாபம் இருக்கும், ஆனால் அந்தப் பணத்தில் அடுத்த மூட்டை வராது. மண்டி 115-க்கு இறங்கிவிட்டால் "என் அடக்கம் 130" என்று பலகையில் எழுதி வைத்தாலும் எதிர்க்கடைக்காரர் விடமாட்டார். என் கருத்தில், விற்பனை விலையை மண்டியின் இன்றைய விலையையும் எதிர்க்கடையையும் பார்த்து வையுங்கள்; அந்த விலையில் தாங்குகிறோமா சாகிறோமா என்று தெரிந்துகொள்ள அடக்கச் சராசரியைப் பாருங்கள். நீங்கள் தவறான சராசரியில் நின்றதால் நஷ்டத்தில் விற்கிறோம் என்பதே தெரியாமல் போய்விட்டது. தெரிந்தே நஷ்டத்துக்கு விற்பது சில நேரம் வியாபாரம். தெரியாமல் விற்பது வேறு.

மார்ச் 31 அன்று இருப்புக் கணக்கு எடுக்கும்போது மிச்சச் சரக்கை இந்தச் சராசரி அடக்கத்திலேயே மதிப்பிடலாம். பட்டயக் கணக்காளர்கள் பின்பற்றும் சரக்கு மதிப்பீட்டுத் தரநிலை ஏ.எஸ். 2, இதையும், முதலில் வந்தது முதலில் போனது என்று கணக்கிடும் முறையையும் ஏற்கிறது. கடைசியில் வந்தது முதலில் போனது என்ற முறைக்கு அதில் இடமில்லை. அடக்கம் 130 ஆக இருந்து, விற்றால் 125-தான் கைக்கு வரும் என்ற நிலை இருந்தால் 125-க்குத்தான் எழுத வேண்டும். இரண்டில் எது குறைவோ அது. இந்த வருடம் ஒரு முறை, அடுத்த வருடம் லாபம் குறைவாகத் தெரிகிற இன்னொரு முறை என்று தாவ வேண்டாம். பொங்கல் பருப்பு முழுவதும் விற்றுப் போனதால் அதற்கு எந்த முறையில் போட்டாலும் அடக்கம் அதே 78,200-தான். அந்தக் கவலை வேண்டாம்.

கேமராவைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். கடைக்குக் கேமரா நல்லதுதான், ஆனால் அது கல்லாவைப் பார்க்கும், உங்கள் கணக்கு நோட்டைப் பார்க்காது. முதலில் அந்த ஐந்து பத்தி நோட்டைத் தொடங்குங்கள். பையனிடம் நிறுத்தி வைத்த 2,000 ரூபாயை இந்த வாரமே கொடுத்துவிடுங்கள். என்ன நடந்தது என்பதையும் நீங்களே சொல்லிவிடுங்கள், மற்றவர் வாயால் அவன் கேட்க வேண்டாம். கொடுத்த பிறகு அந்த 2,000-ஐப் பருப்பின் அடக்கத்தில் சேர்த்துவிடாதீர்கள். அது சம்பளக் கணக்கில் வர வேண்டியது.